வெள்ளம் புகுந்த வீட்டுக்குக் காப்பு எது?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை புரண்டது. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரைக் கண்டிராத வீடுகளிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

அந்த வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"உம்மா எனக்குத் தந்த வீடு. பத்திரம் இன்னும் மவுத்தாகிவிட்ட பாட்டியின் பெயரிலேயே இருக்கிறது. வெள்ளத்தில் கட்டில், பீரோ, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போயின. ஒரு சுவரும் விழுந்தது. என் கணவர் வெளிநாட்டில் உழைத்த மூன்று வருடப் பணம் அதைச் சரிசெய்வதற்கே சரியாகிவிட்டது. இனியொரு முறை வந்தால் தாங்காது என்று வீட்டை இன்ஷ்யூர் செய்யப் போனேன். வெள்ளம் வந்த வீடு, பின்கட்டில் ஓலைக் கூரை, வருடத்தில் நான்கு மாதம் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டதும் ஒரு கம்பெனியில் தயங்கினார்கள். ஏஜெண்ட் ஒருவர், 'லாத்தா, தண்ணீரே வந்ததில்லை என்று எழுதிவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். என் மூத்த காக்காவோ, 'இன்ஷ்யூரன்ஸே ஹராம். அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டிவிட்டுச் சும்மா இரு' என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?"

இது ஒரு சகோதரியின் கேள்வி மட்டுமல்ல. நாகூர், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என்று நம் மக்கள் அடர்ந்து வாழும் ஊர்கள் பலவும் கடலோரத்தில் இருப்பவை. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோளையும், 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயலையும் நினைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலிலும் நிற்பது விளங்கும். ஆகவே சற்று விரிவாகவே ஆராய்வோம்.

தவக்குல் என்றால் சும்மா இருப்பதா?

முதலில் காக்கா அவர்களின் சொல்லை எடுத்துக்கொள்வோம். அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவது ஈமானின் அடையாளம், அதில் ஐயமில்லை. ஆனால் பொறுப்புச் சாட்டுவதற்கு முன் நம் கையால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று கேட்ட மனிதரிடம், முதலில் கட்டிவிட்டுப் பிறகு நம்பும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் வருகிறது. யூஸுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்சமான ஏழு ஆண்டுகளுக்காகச் சேர்த்து வைக்கச் சொன்னதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. வரப்போவதை எண்ணி ஆயத்தம் செய்வது தவக்குலுக்கு மாற்றமானது அல்ல.

ஆனால் ஆயத்தத்தின் முதற்படி பாலிஸி என்று எண்ணிவிடலாகாது. வீட்டைச் சுற்றியுள்ள வடிகாலை மழைக்கு முன் தூர் வாருவது, மின் பலகையையும் பிளக் பாயிண்டுகளையும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றி வைப்பது, ஓலைக் கூரையை மாற்றுவது, தகரக் கூரையாக இருந்தால் அதைக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவது, பத்திரங்களையும் பாஸ்போர்ட்டுகளையும் நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைப்பது ஆகியவையே ஒட்டகத்தைக் கட்டுவது. இதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டியதில்லை. இவற்றைச் செய்த வீட்டைக் கம்பெனிகளும் சற்று நம்பிக்கையோடு பார்க்கும்.

உலமாக்கள் சொல்வது என்ன?

அடுத்தது, இன்ஷ்யூரன்ஸ் கூடுமா கூடாதா என்பது. பழைய ஃபிக்ஹு நூல்களில் இந்தப் பெயரில் ஒரு பாடம் இல்லை. கப்பல் சரக்குக்கான இன்ஷ்யூரன்ஸ் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர், 1836இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள். அதற்குப் பிறகே ஆய்வுகள் பெருகின.

வியாபார முறை இன்ஷ்யூரன்ஸில் பெரும்பாலான உலமாக்கள் மூன்று குறைகளைக் காண்கிறார்கள். ஒன்று, கரர்: கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத நிலை. இரண்டு, மைசிர்: சூதாட்டத்தின் சாயல். மூன்று, ரிபா: கம்பெனி நம் பணத்தை வட்டியில் போடுவது. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடி, நிலையான பிரீமியத்துக்கு நடக்கும் வியாபார இன்ஷ்யூரன்ஸ் கூடாது என்றும், நன்கொடையின் அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடும் என்றும் முடிவு செய்தது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா அவர்களோ, வட்டி கலவாதவரை இந்த ஒப்பந்தம் தன்னளவில் கூடும் என்று கருதினார்கள். இந்தியாவில் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, கலவரங்களால் நம் மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் நேரும் ஆபத்தைக் கருதி, நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் இடமளித்தது.

கூட்டுறவு முறைக்குத் தகாஃபுல் என்று பெயர். சூடானில் 1979இல் அது நிறுவனமாக உருப்பெற்றது. மலேசியா 1984இல் தகாஃபுலுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. இலங்கையில் 1999 முதல் தகாஃபுல் நிறுவனம் உண்டு. அந்நாடுகளில் வாழும் நம் வாசகர்கள், வீட்டுக்குக் காப்புத் தேடும்போது முதலில் அந்தக் கதவையே தட்ட வேண்டும். இந்தியாவில் வீட்டுக்குத் தகாஃபுல் பத்திரம் வழங்கும் நிறுவனம் இல்லை. ஆகவே இங்கு நிர்ப்பந்தம் என்ற பேச்சு எழுகிறது.

நாம் ஃபத்வா கொடுக்கும் இடத்தில் இல்லை. உங்கள் நிலைமையை உங்கள் ஊர் ஆலிமிடம் உள்ளபடி சொல்லிக் கேட்டு நடவுங்கள். ஆனால் கேட்கும்போது ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லுங்கள். பணம் பெருகித் திரும்பி வரும் சேமிப்புப் பாலிஸி வேறு. வீட்டுக்கான பாலிஸி வேறு. வீட்டுப் பாலிஸியில் சேதம் நேர்ந்தால்தான் பணம் வரும். அதுவும் நேர்ந்த சேதத்தின் அளவுக்கே வரும். நேராவிட்டால் கட்டிய பிரீமியம் போனதுதான். அதில் இலாபம் தேடும் நோக்கத்துக்கு இடமில்லை. ஆலிம் அவர்கள் பதில் சொல்வதற்கு இந்த விவரம் தேவை.

கம்பெனிகள் தயங்குவது ஏன்?

இன்ஷ்யூரன்ஸ் என்பது பலரிடம் சிறிது சிறிதாக வாங்கி, சேதமடைந்த சிலருக்குக் கொடுப்பது. ஆயிரம் வீடுகளில் இரண்டொன்று எரியும் என்றால் கணக்கு நிற்கும். ஆயிரம் வீடுகளும் ஒரே இரவில் மூழ்கும் என்றால் கணக்குக் கவிழும். கடலோரம், ஆற்றோரம், மலைச்சரிவு ஆகிய இடங்களில் உள்ள வீடுகளைக் கண்டு கம்பெனிகள் தயங்குவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது கட்டுமானம். ஓலை, வைக்கோல், மூங்கில், பலகை, தார்ப்பாய் போன்றவற்றால் சுவரோ கூரையோ அமைந்தால் அதைக் கச்சா கட்டடம் என்று வகைப்படுத்துவார்கள். அதற்கு அதிகப் பிரீமியம் கேட்பார்கள். அல்லது ஏற்கவே மாட்டார்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டாசோ, பெயிண்டோ, பஞ்சோ வைத்து வியாபாரம் செய்தாலும் இதே நிலைதான்.

மூன்றாவது, பூட்டிக் கிடக்கும் வீடு. தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், முன்கூட்டியே கம்பெனியின் சம்மதத்தைப் பெற்றிராவிட்டால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பல பாலிஸிகளில் உண்டு. குடும்பத்தோடு வெளிநாடு சென்று ஆறு மாதம் கழித்து வரும் நம் மக்களுக்கு இந்த ஒரு வரி மிக முக்கியமானது.

நான்காவது, பத்திரம். வீட்டில் நமக்கு உரிமை உண்டென்று காட்டினால்தான் நஷ்டஈடு பெற முடியும். வாப்பா மவுத்தாகி இருபது ஆண்டுகள் ஆகியும் வாரிசுரிமையைப் பங்கிடாமல், யார் பங்கு எது என்று தெரியாமல் குடியிருக்கும் வீடுகள் எத்தனை! அல்லாஹ் பங்குகளை அளந்தே தந்திருக்கும்போது, அதை நிறைவேற்றத் தாமதிப்பது நம் குற்றம். அந்தத் தாமதம், வீடு விழுந்த நாளில் அண்ணன் தம்பிகளை ஒரே காசோலைக்காக மோத வைக்கிறது. வீட்டைக் காக்க விரும்புகிறவர் முதலில் பாகப்பிரிவினையை முடிக்கட்டும். அல்லது எல்லா வாரிசுகளின் பெயரையும் பாலிஸியில் எழுதட்டும். பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் ஊர்களில் பாலிஸியும் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும். வீடு மனைவிக்குச் சொந்தமாக இருக்கக் கணவர் பெயரில் எடுப்பது பிறகு தகராறுக்கு வழி வைக்கும்.

பொய் எழுதலாமா?

இப்போது ஏஜெண்டின் யோசனைக்கு வருவோம். இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தின் அடிப்படையே பரிபூரண நேர்மை என்பதுதான். கேட்ட கேள்விக்கு உண்மையை மறைத்து எழுதியது தெரிந்தால், கம்பெனி பணம் தர மறுக்கலாம். வெள்ளம் வந்ததை மறைப்பதும் எளிதல்ல. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் சுவரிலுள்ள பழைய நீர்க்கறையைப் பார்ப்பார். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டி, தேவைப்படும் நாளில் வெறுங்கையோடு நிற்பதுதான் மிச்சம். அப்போது அந்த ஏஜெண்டைத் தேடிப் பிடிக்க முடியுமா?

உலக நஷ்டம் இது. மறுமை நஷ்டம் இதைவிடப் பெரிது. ஈரமான தானியத்தை உள்ளே வைத்து, காய்ந்ததை மேலே காட்டி விற்ற வியாபாரியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவிலேயே கண்டித்தார்கள். ஈரச் சுவரை மறைத்துப் பாலிஸி வாங்குவதும் அதே வகைதான். இன்ஷ்யூரன்ஸை அனுமதிக்கும் உலமாக்களில் எவரும் பொய்யை அனுமதிக்கவில்லை.

எந்த வழிகள் உண்டு?

வெள்ளம் வந்ததைச் சொல்லிவிட்டே காப்புப் பெறும் வழிகள் இந்தியாவில் உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்வோம்.

1. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற பொது வடிவப் பாலிஸி நடைமுறைக்கு வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல் ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். அந்தச் சேதம் நேர்ந்த ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டும் அடங்கும்.

2. கட்டடத்தின் மதிப்பை, உட்பரப்பின் சதுர அடியைக் கட்டுமானச் செலவால் பெருக்கிக் கணக்கிட வேண்டும். மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. உட்பரப்பு 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 20 லட்சம். கட்டடத்தைக் காப்பிட்டால் வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், தானாகவே சேரும். இதற்கு உச்ச வரம்பு 10 லட்சம். நகைகளுக்குத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

3. சாதாரண பாலிஸியில் மதிப்பைப் பாதியாகக் குறைத்து எழுதினால், சேதத்திலும் பாதியே தருவார்கள். இந்தப் பாலிஸியில் அந்தக் கழிவு இல்லை. இருந்தாலும் மதிப்பைச் சரியாக எழுதுவதே நேர்மை.

4. ஒரு கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். அரசுத் துறையில் மட்டும் நான்கு பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் உண்டு. தனியார் கம்பெனிகள் பல. ஒருவர் மறுத்ததை மற்றவர் ஏற்கலாம். சேதத்தில் முதல் பகுதியை நானே தாங்குகிறேன் என்று சொன்னால் சிலர் இணங்குவார்கள். ஓலைப் பின்கட்டு போன்ற பகுதியைத் தவிர்த்து, உறுதியான பகுதிக்கு மட்டும் கேட்டும் பார்க்கலாம்.

5. வாடகை வீட்டிலோ வக்ஃபு வீட்டிலோ குடியிருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். கட்டடத்தைக் காப்பது உரிமையாளரின், அல்லது முத்தவல்லியின் பொறுப்பு.

6. புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

7. சேதம் நேர்ந்தால் உடனே கம்பெனிக்குத் தெரிவித்து, சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். நியாயமின்றி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்ஷ்யூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. சென்னையில் அதற்கு அலுவலகம் உண்டு.

எவரும் ஏற்காத வீட்டை யார் ஏற்பது?

இவ்வளவும் செய்து, எல்லாக் கம்பெனிகளும் மறுத்துவிட்டால்? பிரீமியம் கட்டவே வசதியில்லாத கூலித் தொழிலாளியின் ஓலை வீடு என்ன ஆவது? இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி இதுதான்.

உலக நாடுகளும் இந்தக் கேள்வியில் முட்டி நின்றிருக்கின்றன. பிரிட்டனில் வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்காக 2016இல் 'ஃபிளட் ரீ' என்ற ஏற்பாடு வந்தது. எல்லா வீட்டுக் காப்புக் கம்பெனிகளும் ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பொதுநிதியில் போட, அபாயமுள்ள வீட்டின் சுமை எல்லோர் தோளிலும் பரவுகிறது. துருக்கியில் 1999 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2000இல் கட்டாய நிலநடுக்கக் காப்பு நிதி ஏற்பட்டது. தனித்தனியே தாங்க முடியாததைச் சேர்ந்து தாங்கலாம் என்ற பாடத்துக்கே அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நமக்கோ இது பழைய பாடம். அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தபோது, எல்லோரிடமும் இருந்ததை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. யாசகம் கேட்பதை வெறுத்த அதே நபியவர்கள், பேரிடர் ஒன்றில் உடைமையை இழந்தவருக்கு, வாழ்க்கை நிலைபெறும்வரை கேட்டுப் பெறும் உரிமையை அளித்ததாக முஸ்லிமில் கபீஸா (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது. கேட்க அவருக்கு உரிமை உண்டென்றால், கொடுக்கும் கடமை யாருடையது? ஊர் ஜமாஅத்துடையதன்றோ!

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வீட்டுப் பேரிடர் நிதி ஏற்படட்டும். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று 400 வீடுகள் போட்டால், ஓராண்டில் 2,40,000 ரூபாய் சேரும். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும். இதை நன்கொடையாகவே வாங்க வேண்டும். இத்தனை கட்டினால் இத்தனை தருவோம் என்று வாக்குறுதி கொடுக்கலாகாது. 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்ஷ்யூரன்ஸ் தொழில் நடத்தப் பதிவு வேண்டும். ஜகாத் பணத்தை இதில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து, உரியவர்களுக்கே கொடுக்க வேண்டும். வரவு செலவை ஆண்டுக்கொரு முறை பள்ளியில் ஒட்ட வேண்டும். உதவியில் முதல் உரிமை, எந்தக் கம்பெனியும் ஏற்காத வீட்டுக்கு. பக்கத்துத் தெருவில் மூழ்கிய வீடு மாற்று மதச் சகோதரருடையது என்றால், நன்கொடைப் பணத்திலிருந்து அவருக்கும் கொடுக்க வேண்டும். அண்டைவீட்டார் உரிமை மதம் பார்ப்பதில்லை.

பெரிய வெள்ளத்தில் ஊரே மூழ்கும்போது ஒரு மஹல்லாவின் நிதி போதாது. ஆகவே கடலோர ஜமாஅத்துகள், உள்நாட்டு ஜமாஅத்துகளோடு ஒப்பந்தம் செய்துகொள்வது நலம். காயலில் மழை கொட்டும் நாளில் வாணியம்பாடியில் வானம் தெளிவாக இருக்கலாம். மற்றொரு நாளில் நிலைமை மாறி வரலாம்.

சகோதரிக்கு

கடிதம் எழுதிய சகோதரியே! காக்காவிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: தவக்குல் சும்மா இருப்பதல்ல. ஏஜெண்டிடம் உறுதியோடு சொல்லுங்கள்: பொய் எழுத மாட்டேன். பாட்டியின் பெயரிலுள்ள பத்திரத்தை, மற்ற வாரிசுகளையும் அழைத்து வைத்து இந்த ஆண்டே சரிசெய்யுங்கள். பின்கட்டின் ஓலையை மாற்றுங்கள். வீடு பூட்டியிருக்கும் மாதங்களைக் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்துச் சம்மதம் பெறுங்கள். ஊர் ஆலிமிடம் முழு விவரத்தையும் கூறிக் கேளுங்கள். அவர் இடமளித்தால், 2023இல் வெள்ளம் வந்ததை முதல் வரியிலேயே எழுதி, மற்ற கம்பெனிகளையும் அணுகுங்கள். பிரீமியம் சற்றுக் கூடலாம். மனம் நிம்மதியாக இருக்கும்.

இதைப் படிக்கும் ஜமாஅத் பெரியவர்களே! அந்தச் சகோதரிக்குத் தட்டுவதற்குச் சில கதவுகளாவது இருக்கின்றன. உங்கள் மஹல்லாவில் ஒரு கதவும் இல்லாத வீடு எது என்று அடுத்த ஜும்ஆவுக்குள் விசாரித்து வையுங்கள். அந்த வீட்டுக்கு முன்னால் தண்ணீர் வருவதற்குள் நாம் போய்ச் சேர அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.